சித்திரை மாதத்து ஊற்று: கொல்லிமலைச் சிற்றூர் ஒன்றின் குடிநீர்த் திட்டம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் வட்டாரம் ஒன்றைச் சேர்ந்த தமிழ்த் தொண்டூழியர் குழு, நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள ஒரு சிற்றூரின் குடிநீர்த் திட்டத்தில் பங்கெடுத்தது. முதல் வருகையிலிருந்து இரண்டாவது கோடை முடியும்வரையான இரண்டரை ஆண்டு விவரம் இது. ஊர், குழு, பங்கேற்றோர் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரிகிறது கொல்லிமலை. ஊரில் 62 வீடுகள், 268 பேர். அனைவரும் மலையாளிப் பழங்குடியினர். (இந்தப் பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. சிங்கப்பூரில் நடந்த ஒவ்வொரு கூட்டத்திலும் இதை முதலில் விளக்க வேண்டியிருந்தது.) சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் பெரும்பகுதி, சமவெளியின் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளை நம்பி மரவள்ளிக்கு மாறிவிட்டது. சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏறியிருக்கிறது. இளைஞர்களில் பலர் திருப்பூரில்.

ஊரில் ஏற்கெனவே ஓர் ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் இருந்தன. தாழ்ந்த மின்னழுத்தத்தில் ஓடி ஓடி மோட்டார் எரிந்துபோய் எட்டு மாதமாகியிருந்தது. கைப்பம்பு மாசியிலேயே வற்றிவிடும். பெண்கள் பள்ளத்தில் இருக்கும் கசிவுநீருக்கு நாளுக்கு இரண்டு நடை போனார்கள்; ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இதில் கழிந்தது. ஊருக்கு மேலே 2.1 கி.மீ. தொலைவில், கோயில் காட்டின் ஓரத்தில், வற்றாத ஊற்று ஒன்று உண்டு. ஊற்றுக்கும் ஊருக்கும் மட்ட வேறுபாடு 58 மீட்டர். மின்சாரமே இல்லாமல் தண்ணீர் தானாக இறங்கி வரும். குழுவை ஈர்த்தது இதுதான்.

டிசம்பர் வருகை

பள்ளி விடுமுறையும் ஆண்டிறுதி விடுப்பும் ஒன்றுசேரும் டிசம்பரில் 18 பேர் போனார்கள். ஊற்றின் வாயில் 15 லிட்டர் வாளியை வைத்து நேரம் பார்த்ததில் 24 விநாடியில் நிரம்பியது. வினாடிக்கு 0.62 லிட்டர், நாளுக்கு ஏறத்தாழ 54,000 லிட்டர். ஆளுக்கு 55 லிட்டர் என்பது இந்திய அரசின் ஜல் ஜீவன் திட்ட அளவு. அதன்படி ஊருக்குத் தேவை 14,740 லிட்டர்தான். தேவையைப்போல் மூன்றரை மடங்கு இருக்கிறது என்று கணக்கிட்டு, வீட்டுக்கொரு குழாய், 63 மி.மீ. குழாய்ப் பாதை, மிளகு நாற்றங்காலுக்குத் தனி இணைப்பு என்று அங்கேயே வரைபடம் தயாரானது.

அதைப் பார்த்த பெண்கள் சுயஉதவிக் குழுவினர் சொன்னது ஒன்றே: சித்திரையில் அந்த ஊற்று குழந்தையின் சுண்டுவிரல் தடிமனில்தான் வரும்.

வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் முடிந்திருந்தது. சார்னோக்கைட் என்னும் கடும்பாறையின் மேல் படிந்திருக்கும் சிதைந்த மண்ணடுக்கில் தங்கும் நீர்தான் இங்கே ஊற்றாகிறது. அந்த அடுக்கு ஆழமற்றது. மழை நின்றதும் வேகமாக வடியும். டிசம்பரில் அளப்பது நிறைகுடத்தை அளப்பது. சிங்கப்பூர் விடுமுறைகள் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். ஆக, இரண்டு விடுமுறைகளிலும் சித்திரை அகப்படாது. வெளியூர்க் குழுக்கள் மலை ஊற்றுகளைத் தவறாக மதிப்பிடுவதற்கு அறியாமையைவிட இந்த நாள்காட்டிதான் பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு.

ஊரார் எடுத்த அளவு

வரைபடம் ஒதுக்கி வைக்கப்பட்டது. குழுவில் சிலருக்கு இது ஏமாற்றம். ஓராண்டு தள்ளிப்போனால் நன்கொடையாளர்கள் விலகுவார்கள் என்ற கவலையும் இருந்தது. ஆனாலும் ஐந்து மாதம் காத்திருப்பது என்று முடிவாயிற்று.

அளந்தது ஊராரே. தை முதல் வைகாசி வரை வாரம் ஒருமுறை, காலை 7 மணிக்கு, இரண்டு பெண்கள் மேலே ஏறி ஒரே வாளியை ஒரே இடத்தில் வைத்து, கைப்பேசியில் நேரம் பார்த்து, மூன்று முறை அளந்து சராசரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். வாளி மாறக் கூடாது; நசுங்கிய வாளி 15 லிட்டர் பிடிக்காது. நீர் முழுவதும் வாளிக்குள் விழும்படி மூங்கில் பிளவை களிமண்ணால் அடைத்து வைக்க வேண்டும். முதல் மூன்று வார அளவுகள் முன்னுக்குப் பின் முரணாக இருந்ததற்குக் காரணம் அந்தக் களிமண் அடைப்பு கசிந்ததுதான்.

மிகக் குறைந்த அளவு சித்திரையின் கடைசி வாரத்தில் வந்தது: வாளி நிரம்ப 68 விநாடி. வினாடிக்கு 0.22 லிட்டர், நாளுக்கு 19,000 லிட்டர். டிசம்பர் அளவில் மூன்றில் ஒரு பங்கு. பழைய வரைபடத்தின்படி கட்டியிருந்தால் முதல் கோடையிலேயே மேட்டுத்தெரு வீடுகளின் குழாய்களில் காற்று மட்டும் வந்திருக்கும்.

அதே மாதங்களில் நீரின் தூய்மையும் பார்க்கப்பட்டது. ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைக் குப்பியில் நீரை ஊற்றி வைத்தால், மலக்கிருமி இருந்தால் ஓரிரு நாளில் கறுக்கும். இரண்டு குப்பிகளில் ஒன்று கறுத்தது. ஊற்றுக்கு மேலே மாடுகள் மேய்வது காரணமாகக் கருதப்பட்டது.

ஊர்க்கூட்டத்தின் முடிவுகள்

ஊர்க்கவுண்டர் (ஊர்த்தலைவர்) தலைமையில் நடந்த மூன்று கூட்டங்களில் திட்டம் திருத்தப்பட்டது. மூன்று முடிவுகளுமே குழுவின் முதல் விருப்பத்துக்கு மாறானவை.

முதலாவது, வீட்டுக்குழாய் வேண்டாம். ஏழு வீட்டுக்கு ஒன்றாக 9 பொதுக்குழாய்கள். வீட்டுக்குள் குழாய் வந்தால் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது, கோடையில் பள்ளத்தெரு மட்டுமே குடிக்கும் என்பது பெண்களின் வாதம். தண்ணீர் தாழ்ந்த இடத்தில்தான் முதலில் கொட்டும் என்பதால் மேட்டுத்தெரு வால்வை முதலில் திறந்து, அரைமணி கழித்தே பள்ளத்தெருவைத் திறப்பது என்றும் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாவது, ஊற்றின் 0.22 லிட்டரில் 0.17 மட்டுமே ஊருக்கு. மீதி ஓடைக்கு: கீழேயுள்ள ஆடுமாடுகளுக்கும் காட்டு உயிர்களுக்கும். வினாடிக்கு 0.17 என்றால் நாளுக்கு 14,700 லிட்டர். தேவையும் ஏறத்தாழ அதுவே. மிச்சமே இல்லாத கணக்கு. அதனால்தான் நாற்றங்கால் இணைப்பு கைவிடப்பட்டது.

மூன்றாவது, ஊற்றுக்கண்ணின் மேல் கான்கிரீட் போடக் கூடாது. அங்கே சாமிக்கல் இருக்கிறது. செருப்போடு யாரும் போவதில்லை. நீர்ப்பெட்டியை நான்கு மீட்டர் கீழே தள்ளிக் கட்டினார்கள். இதனால் நீரியல் நோக்கில் இழப்பு எதுவும் இல்லை. கோயில் காட்டின் கட்டுப்பாடுதான் இத்தனை நாள் அந்த ஊற்றின் நீர்ப்பிடிப்பைக் காத்திருக்கிறது. வேலியின் வேலையைச் செருப்புக் கட்டுப்பாடு பாதிக்குமேல் செய்துவிட்டிருந்தது. மாடுகளைத் தடுக்க மட்டும், ஊற்றுக்கு 30 மீட்டர் மேலே முள்வேலியும் மழைநீரைத் திருப்பிவிடும் வடிகாலும் போடப்பட்டன.

குழாயின் விட்டத்தில் ஊர்க் கொத்தனாருக்கும் குழுவின் பொறியாளருக்கும் வாக்குவாதம். எதிர்காலத்துக்கு இருக்கட்டும் என்று 63 மி.மீ. கேட்டது குழு. 0.17 லிட்டர் நீர் அந்தக் குழாயில் வினாடிக்கு 7 செ.மீ. வேகத்தில்தான் நகரும். வண்டல் அடியில் தங்கும், காற்று மேட்டில் தங்கும், இரண்டையும் தள்ள நீருக்கு வலு இராது. 40 மி.மீ. குழாயில் வேகம் 17 செ.மீ., 32 மி.மீ. குழாயில் 28 செ.மீ. கொத்தனார் கேட்டது 32. சமரசமாக 40 வாங்கப்பட்டது. அது தவறு என்பது பிறகு தெரிந்தது.

பணமும் அனுமதியும்

மொத்தச் செலவு 6,40,000 ரூபாய், அதாவது 10,000 சிங்கப்பூர் வெள்ளிக்குச் சற்று மேல். முதல் வருகையில் 18 பேரின் விமானச் சீட்டு, வேன், தங்குமிடம், காப்புறுதி ஆகியவை ஆளுக்கு 900 வெள்ளி வீதம் 16,200 வெள்ளி ஆகியிருந்தன. அது அவரவர் கைக்காசு என்றாலும், திட்டத்தைவிடப் பயணம் விலை கூடியது என்பது கணக்குப் பார்த்தபோதுதான் உறைத்தது. அடுத்த வருகை ஐந்து பேராகக் குறைக்கப்பட்டது.

வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். நிகரத் தொகையில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே செலவிட வேண்டும் என்பது அதன் பொது நிபந்தனை. சமூக மன்றத்தில் உண்டியல் வைக்கும் யோசனை இதனால் கைவிடப்பட்டு, தனிப்பட்ட முறையில் அறிந்தவர்களின் நன்கொடை மட்டும் முறைப்படி பெறப்பட்டது.

இந்தியத் தரப்பில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 குறுக்கே நிற்கும். ஊர்க்குழுவின் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்ப முடியாது. அச்சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பே பெற முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப் பெற்ற அமைப்பு இன்னோர் அமைப்புக்கு அதைக் கைமாற்றவும் முடியாது. எனவே பணத்தைப் பெறும் அமைப்பே களத்தில் வேலையைச் செய்விப்பதாகவும் இருக்க வேண்டும். இந்தியக் குடியுரிமை உள்ள உறுப்பினர்கள் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடிமக்களின் பணம், அவர்கள் இந்திய வம்சாவளியினரே ஆனாலும், வெளிநாட்டு நன்கொடைதான். பொருத்தமான அமைப்பைக் கண்டுபிடிக்கவே நான்கு மாதம் ஆனது.

குழாய்ப் பாதையில் 620 மீட்டர் வனநிலத்தில் வருகிறது. வன உரிமைச் சட்டம், 2006இன் பிரிவு 3(2) குடிநீர்க் குழாய் உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு வனநிலத்தை விட்டுக்கொடுக்க இடமளிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். 40 செ.மீ. அகலக் குழி என்றால் 250 சதுர மீட்டர்தான். மரம் ஒன்றும் வெட்டவில்லை. ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியது. வனத்துறை ஒப்புதல் வர ஐந்து மாதம்.

தொட்டி

தொட்டி ஊர் நத்தத்தில் (குடியிருப்பு நிலத்தில்) வருவதால் வன அனுமதி தேவையில்லை. இரண்டாவது டிசம்பரில் அது மட்டும் கட்டப்பட்டது. ஃபெர்ரோசிமெண்ட் உருளைத் தொட்டி: உள்விட்டம் 2.6 மீட்டர், உயரம் 2 மீட்டர், கொள்ளளவு 10,000 லிட்டர். கம்பிக் கூட்டின் இருபுறமும் கோழிவலை கட்டி, ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு சலித்த மணல் கலந்து, 5 செ.மீ. கனத்துக்குப் பூசினார்கள்.

ஐந்து தொண்டூழியர்களும் 12 நாள் விடுப்பில் வந்திருந்தனர். மழைத்தூறலால் பூச்சு ஒன்பதாம் நாள்தான் முடிந்தது. ஈரச்சாக்கு சுற்றி இரண்டு வாரம் நனைத்து வைத்திருக்க வேண்டிய தொட்டியில், பதினோராம் நாள் லாரித் தண்ணீர் நிரப்பித் திறப்பு விழா நடந்தது. கொத்தனார் வேண்டாம் என்றார்; விருந்தாளிகள் கேட்கும்போது ஊர்க்கவுண்டரால் மறுக்க முடியவில்லை. இரண்டு நாளில் அடிவிளிம்பைச் சுற்றி மயிரிழை வெடிப்பு ஓடியது. தொட்டியை வடித்து, உட்புறம் கொத்திவிட்டு, சிமெண்டுப் பால் தடவி மறுபூச்சுப் பூச 14,000 ரூபாயும் மூன்று வாரமும் ஆயின. இந்த நிகழ்வில் முழுக்கத் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு இது ஒன்றுதான்.

ஊற்றுப் பெட்டியும் குழாய்ப் பாதையும்

தை அறுவடை முடிந்ததும் வேலை தொடங்கியது. வீட்டுக்கு ஆறு நாள் உழைப்பு என்று 372 ஆள்நாள். கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு ஓர் ஆள் நாளுக்கு 5 முதல் 6 மீட்டர் தோண்ட முடிந்தது. ஆழம் 60 செ.மீ. அதற்குக் குறைந்தால் காட்டுப்பன்றி கிளறும். கோடைத் தீ மேலாக ஓடினாலும் கறுப்புக் குழாய் உருகும். பாறை மேல் போகும் 85 மீட்டருக்கு மட்டும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய். 40 மி.மீ. குழாய்ச் சுருள் 100 மீட்டருக்கு 30 கிலோ, ஒருவர் தோளில் ஏற்றிப் போகலாம். 63 மி.மீ. சுருளின் எடை அதைப்போல் இரு மடங்குக்கு மேல். கொத்தனாரின் வாதத்தில் இதுவும் ஒரு பகுதி.

ஊற்றுப் பெட்டியில் ஒரு பிழை நேர இருந்தது. உதவிக் கொத்தனார் ஒருவர், அழுத்தம் கூடட்டும் என்று, நீர் வெளியேறும் வழிவாயை ஊற்றுக்கண்ணின் மட்டத்துக்கு 25 செ.மீ. மேலே வைத்துவிட்டார். பெட்டி நிரம்பிய மூன்றாம் நாள், பத்தடி தள்ளிப் புதிய இடத்தில் ஈரம் கசிந்தது. ஊற்றின் வாயில் நீர் எதிர்த்து நின்றால் அது மண்ணுக்குள் வேறு வழி தேடும். சில ஊற்றுகள் பிறகு திரும்புவதே இல்லை. அன்றே சுவரை உடைத்து, வழிவாயைக் கண்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இறக்கினார்கள். ஒரு வாரத்தில் புதுக் கசிவு காய்ந்தது. ஓடைக்குப் போகும் சிறு துளை, ஊர்க்குழாயைவிட 5 செ.மீ. தாழ்வாக வைக்கப்பட்டது, நீர் குறைந்தால் முதலில் ஊருக்குக் குறையும், ஓடைக்கு அல்ல.

900ஆவது மீட்டரில், ஊற்றுக்கு 30 மீட்டர் கீழே, அழுத்தம் உடைக்கும் தொட்டி ஒன்று. வழியில் ஒரு பள்ளம் ஊற்றுக்கு 72 மீட்டர் கீழே இறங்குகிறது. வாங்கிய குழாயோ 60 மீட்டர் உயர நீரின் அழுத்தம்வரைதான் தாங்கும். இடையில் நீரைத் திறந்த தொட்டியில் விழவைத்ததால் பள்ளத்தில் அழுத்தம் 42 மீட்டராகக் குறைந்தது. பள்ளத்தின் அடியில் வண்டல் வெளியேற்றும் வால்வு வைத்தார்கள். பங்குனி இரண்டாம் வாரம் ஊரில் தண்ணீர் விழுந்தது.

முதல் கோடை

சித்திரை நடுவில் ஊர்த்தொட்டிக்கு வரும் நீர் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஊற்றில் அளந்தால் குறையவில்லை. குழாய் உடைப்பும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து அழைப்பு மேல் அழைப்பாகப் போய், வண்டல் அடைப்பாக இருக்கும் என்று வால்வைத் திறந்துவிடச் சொன்னார்கள். பலனில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் நீர்க்காரராக நியமிக்கப்பட்டிருந்த பெண்மணி. 480ஆவது மீட்டரில் தாழ்ந்து 650ஆவது மீட்டரில் 8 மீட்டர் மேடேறும் இடம் ஒன்று உண்டு. அங்கே இணைப்பைத் தளர்த்தியதும் காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. அன்று மாலை தொட்டி நிரம்பத் தொடங்கியது. கோடையின் மெல்லோட்டத்தில், வினாடிக்கு 17 செ.மீ. வேகம் காற்றுக் குமிழைக் கீழே தள்ளப் போதவில்லை. மேட்டில் சேர்ந்த காற்று குழாயின் பாதியை அடைத்துக்கொண்டது. வரைபடத்தில் அந்த மேடு இருந்தது. காற்று வால்வு செலவைக் குறைக்க நீக்கப்பட்டிருந்தது. மிச்சமானது 1,800 ரூபாய்.

தானியங்கிக் காற்று வால்வு வாங்கிப் பொருத்தினார்கள். ஐந்து வாரத்தில் மண் ஏறி இறுகிவிட்டது. அதைக் கழற்றிவிட்டு, கையால் திருகும் அரை அங்குலக் குழாய்த் திருகு ஒன்றைச் செங்குத்துக் குழாயில் வைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை திறந்துவிடுகிறார்கள். அது இன்றுவரை பழுதாகவில்லை.

பராமரிப்புப் பயிற்சி முதலில் நான்கு இளைஞர்களுக்குத் தரப்பட்டிருந்தது. அந்தக் கோடையில் மூவர் திருப்பூரில் இருந்தார்கள். பிறகு, ஊரைவிட்டு நகர வாய்ப்பில்லாத 35 வயதுக்கு மேற்பட்ட நான்கு பெண்களுக்கு மறுபயிற்சி தரப்பட்டது.

இரண்டாம் கோடை வரை

வீட்டுக்கு மாதம் 40 ரூபாய். 62 வீட்டுக்கு 2,480. நீர்க்காரருக்கு 1,500 போக மீதி 980 உதிரிபாகத்துக்கு. காலை 6 முதல் 8 வரையும் மாலை 4.30 முதல் 6 வரையும் தண்ணீர். மாலை 6 முதல் காலை 6 வரை மட்டுமே 7,300 லிட்டர் சேர்ந்துவிடுவதால் காலையில் தட்டுப்பாடு இல்லை.

ஒரு வீட்டார் இரவில் பொதுக்குழாயில் ஹோஸ் மாட்டி மிளகு நாற்றுக்குப் பாய்ச்சியது பிடிபட்டது. கைகலப்புவரை போன பிறகு, ஊர்க்கூட்டம் அபராதம் போடவில்லை. ஆனி முதல் மார்கழி வரை தொட்டி வழிந்து போகும் நீரை முறைவைத்து நாற்றுக்கு எடுக்கலாம், தை முதல் வைகாசி வரை கூடாது என்று விதித்தது. அதன்பின் ஹோஸ் பிரச்சினை எழவில்லை.

இரண்டாம் கோடையின் தாழ்ந்த அளவு 0.20 லிட்டர். பொதுக்குழாய் ஒவ்வொன்றிலும் நீர் வராமல் நின்ற நாள்கள் மொத்தம் நான்கு. இரண்டு பன்றியால், ஒன்று தீயால், ஒன்று காரணம் தெரியாமல். தண்ணீர் எடுக்கும் நேரம் வீட்டுக்கு இருபது நிமிடமாகக் குறைந்தது. சோதனைக் குப்பிகள் ஊற்றில் கறுக்கவில்லை. இரண்டு வீட்டுக் குடங்களில் கறுத்தன. அந்த வேலை தனி.

தீராதது ஒன்று உண்டு. ஊற்றுக்கு மேற்புறச் சரிவில் பாதி மரவள்ளி. கிழங்கு பிடுங்கும்போது மண் கிளறப்பட்டு முதல் மழையிலேயே இறங்குகிறது. நீர் உள்ளே இறங்குவதும் குறைகிறது. சம உயர வரியில் 45 செ.மீ. ஆழக் குழிகள் வெட்ட ஐந்து நிலக்காரர்களில் இருவர்தான் இசைந்தார்கள். மற்ற மூவருக்கும் அந்த மரவள்ளிதான் ரொக்க வருமானம்.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

முதல் வருகையே சித்திரையில், இரண்டே பேராக இருக்க வேண்டும். விடுமுறை கிடைக்காவிட்டால் வாளியும் பயிற்சியும் மட்டும் அனுப்பினால் போதும்.

ஊற்றிலிருந்து அழுத்தம் உடைக்கும் தொட்டி வரையான 900 மீட்டருக்கு 32 மி.மீ. குழாய். மழைக்கால மிகுநீர் அதில் முழுதும் வராது. வர வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு மேட்டிலும் கைத்திருகு, ஒவ்வொரு பள்ளத்திலும் வடிவால்வு. செலவு குறைக்கும் பட்டியலில் இவை இடம்பெறக் கூடாது.

தொட்டி வேலையைத் தொண்டூழியர் வருகையோடு இணைக்கக் கூடாது. திறப்பு விழா நாளைக் கொத்தனார்தான் சொல்ல வேண்டும், அதுவும் எழுத்தில்.

உதிரிபாகம் முதல் நாளிலிருந்தே ஊரில் இருக்க வேண்டும். இப்போது பெட்டியில் இருப்பவை: 40 மி.மீ. கப்ளர் 6, பத்து மீட்டர் குழாய், அரை அங்குலக் குழாய்த் திருகு 4, பைப் ரெஞ்ச் 2, ஹேக்ஸா ஒன்று, டெஃப்லான் டேப் பத்து உருளை. சாவி இரண்டு: ஒன்று நீர்க்காரரிடம், மற்றது சுயஉதவிக் குழுத் தலைவியிடம்.